நண்பகலில் வெட்டிய பிர்ச் கிளை

மிர்க்கா எங்கள் ஆய்வு நிலையத்துக்கு வந்து இறங்கியபோது ஏப்ரல் மாதம். ஏரி இன்னும் உறைந்துதான் கிடந்தது. காரிலிருந்து அவள் முதலில் இறக்கியது துணிப்பெட்டியை அல்ல, ஒரு தகர வாளியை. இவளோடு நமக்கு ஒத்துவராது என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

என் பெயர் ஹில்க்கா. இருபத்தாறு வருடமாக இங்கே கருவிகளையும் ஏணிகளையும் பார்த்துக்கொள்கிறேன். ஆய்வாளர்கள் வருவார்கள், மரத்தில் எதையாவது கட்டுவார்கள், பணம் தீர்ந்ததும் போய்விடுவார்கள். அவர்கள் கட்டியதை அவிழ்ப்பது என் வேலை. இதில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் ஆய்வு செய்துகொண்டே ஊர் ஊராகப் போகிற கூட்டம் தனி. படிப்பு முடிந்திருக்கும், உத்தியோகம் தொடங்கியிருக்காது. முப்பத்தெட்டு வயது மிர்க்காவுக்கு இது நான்காவது இடம்.

முதல் வியாழக்கிழமை பட்டாணி சூப் சாப்பிடும்போது, என்னதான் ஆராய்கிறாய் என்று கேட்டேன். மரத்துக்குள் தண்ணீர் எப்படி மேலே ஏறுகிறது என்பதை என்றாள். அதுதான் ஏறிக்கொண்டிருக்கிறதே, அதற்கு நீ எதற்கு என்றேன். அவள் கோபப்படவில்லை.

"மாடிக் குழாய்க்குத் தண்ணி எப்படி வருது?"

"பம்ப் ஏத்துது."

"பிர்ச் மரத்துக்குப் பம்ப் எங்க இருக்கு?"

கயானி என்ற ஊரில் அவளுடைய அப்பா குழாய் வேலை பார்த்தவராம். ஏழு வயதில் அவரிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள். அவர் வீட்டு முன்னால் நின்ற வெள்ளைப் பட்டை பிர்ச் மரத்தைச் சுற்றி வந்து, எனக்கும் தெரியலை என்று ஒப்புக்கொண்டாராம். அப்போது பிடித்தது, இன்னும் விடவில்லை.

அவள் சொல்லி எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். இலை ஈரத்தை வெளியே விட விட, கீழே இருக்கும் தண்ணீரைக் கயிறு மாதிரி மேலே இழுக்கிறது. வெயில் ஏறினால் இழுப்பும் ஏறும். இழுப்பு மிஞ்சினால் தண்ணீர்ச் சரம் அறுந்து, குழாயில் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். மதியம் பிர்ச்சின் குழாய்களில் கிட்டத்தட்ட பாதி இப்படி அடைபடுகின்றன, சாயங்காலத்துக்குள் மரம் தானே சரிசெய்துகொள்கிறது: இது அவளுடைய கண்டுபிடிப்பு.

அதற்காக முதல் இரண்டு கோடையும் அந்த வாளியோடு ஏணியில் ஏறினாள். காற்று புகுந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிளையை வளைத்து வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தி, தண்ணீருக்குள்ளேயே கத்தரியால் வெட்டுவாள். அந்தத் துறையில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். பிறகு ஆய்வறையில் ஒரு சாண் குச்சியை ரப்பர் குழாயில் பொருத்தி, அதன் வழியே எவ்வளவு தண்ணீர் போகிறது என்று தராசில் நிறுப்பாள். அழுத்தம் கொடுத்து உள்ளே இருக்கும் காற்றைத் துரத்திவிட்டு மறுபடி நிறுப்பாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அடைப்பு. மதியம் அடைப்பு, மாலை இல்லை. ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

மூன்றாவது வருடம் மே மாதம், அவளுடைய கட்டுரையை ஒரு பெரிய ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. பல்கலைக்கழகத்தில் ஒரு நிரந்தர இடமும் காலியாக இருந்தது. நேர்காணல் ஆகஸ்டில். அந்த மாதக் கடைசியோடு இங்கே ஒப்பந்தமும் முடிகிறது. கட்டுரை கையில் இருப்பதால் இடம் உனக்குத்தான் என்று எங்கள் பேராசிரியர் வெய்யோ அவளிடமே சொல்லியிருந்தார். வீடு பார்க்கப் போவதாகவும், பூனை வளர்க்கப் போவதாகவும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நடுக்கோடை விழாவுக்கு முந்தின நாள் நீராவியில் குளிக்கும் சௌனா அறையின் புகைபோக்கியைச் சுத்தம் செய்ய ஏணியை நான் எடுத்துப் போய்விட்டேன். குளிக்கும்போது உடம்பில் அடித்துக்கொள்ள பிர்ச் கொத்து கட்ட வேண்டுமே, கையோடு ஆளுயரக் கிளைகள் சிலவற்றை வெட்டி, சௌனா நிழலில் இருந்த தண்ணீர்ப் பீப்பாயில் நிறுத்தினேன். கொத்துக்கான கிளையைக் காலையில் வெட்டுவதுதான் முறை. நான் நட்ட நடு மதியம், காபி குடித்துவிட்டு வெட்டினேன்.

ஒரு மணி நேரம் கழித்து மிர்க்கா ஏணியைத் தேடி வந்தாள். நான் கூரைமேல் இருந்தேன், இறங்க முடியாது என்றேன். நோட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. முணுமுணுத்துக்கொண்டே என் பீப்பாயிலிருந்து ஒரு கிளையை உருவிக்கொண்டு போனாள்.

ஒரு மணி நேரத்துக்குள் திரும்பி வந்து ஏணியடியில் நின்றாள்.

"இதை எத்தனை மணிக்கு வெட்டின?"

"பன்னிரண்டரைக்கு."

"பொய் சொல்லாத, ஹில்க்கா. காலைல தானே வெட்டின?"

"காலைல நான் எந்திரிச்சதே லேட்டு. என்னவாம் இப்ப?"

"இதுல அடைப்பே இல்ல."

அன்று மாலை சௌனாவில் எல்லோரும் வியர்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் கொத்தால் முதுகில் அடிக்காமல் அதன் காம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள், முந்தின இரவுக் குடியால் ஊரே தலைவலியோடு படுத்திருந்தபோது, இவள் பத்துக் கிளை வெட்டினாள். ஐந்து வழக்கம்போல வாளிக்குள். ஐந்து என்னைப்போல நீளமாக வெட்டி, பீப்பாயில் ஒரு மணி நேரம் நிறுத்தி, பிறகு நுனிப் பக்கத்தில் குச்சி எடுத்தது. பிர்ச்சின் குழாய்கள் சின்னவை, ஒரு முழத்துக்குள் முடிந்துவிடும், அதனால் அடியில் புகுந்த காற்று நுனிவரை வராது என்றாள். வாளிக் கிளைகள் ஐந்திலும் அடைப்பு. பீப்பாய்க் கிளைகள் ஐந்திலும் இல்லை.

ஊறியதால் மரம் தன்னைச் சரிசெய்துகொண்டிருக்கலாமே என்றார் வெய்யோ. அதையும் பார்த்தாள். வேண்டுமென்றே காற்றேற்றிய கிளைகளை அதே பீப்பாயில் ஒரு மணி நேரம் ஊற வைத்தாள். அடைப்பு அப்படியே இருந்தது. இரண்டு வாரம் தினமும் செய்தாள், முடிவு மாறவில்லை. எனக்குத்தான் அந்த நிரந்தர இடத்தைப் பற்றிய கவலை. இவளோ ஒவ்வொரு நாளும் கண்கள் பளபளக்க ஏணி ஏறினாள்.

"அப்ப என்னதான் நடக்குது?" என்று கேட்டேன்.

"இழுத்துப் பிடிச்ச ரப்பரை வெட்டினா என்ன ஆகும்? வெடுக்குன்னு ஓடும்ல? மதியம் உள்ள தண்ணி அப்படி இழுபட்டு நிக்குது. தண்ணிக்குள்ள வெச்சு வெட்டினாலும் அந்த வெடுக்குல குமிழி உள்ள போயிடுது. பீப்பாய்ல ஒரு மணி நேரம் நின்னா இழுப்பு தளர்ந்துடுது, அப்புறம் குச்சி எடுத்தா ஒண்ணும் ஆகல. சாயங்காலமும் இழுப்பு இல்ல, அதனால அடைப்பும் இல்ல." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "மரம் உடையவே இல்ல, ஹில்க்கா. ரெண்டு வருஷமா நான்தான் உடைச்சு, நான்தான் எண்ணிட்டிருந்தேன்."

ஆகஸ்ட் வரை வாயைத் திறக்காதே என்றார் வெய்யோ. இடம் கிடைத்த பிறகு திருத்தம் எழுதிக்கொள்ளலாம், யாரும் செய்யாததா என்றார். அவர் கெட்டவர் இல்லை, அவளுக்காகத்தான் சொன்னார். நானும் அதையேதான் சொன்னேன். பூனையை நினைத்துக்கொள் என்றுகூடச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"நேர்காணல்ல அவங்க அதைப் பத்தித்தான் கேப்பாங்க. நானே நம்பாததை எப்படிச் சொல்லுவேன்?" என்றாள்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக இதழுக்கு எழுதினாள். தவறு எப்படித் தெரியவந்தது என்பதையும் எழுத வேண்டுமாம். சௌனாவுக்காக ஹில்க்கா நண்பகலில் வெட்டிய கிளையால் என்று உள்ளது உள்ளபடி எழுதினாள். மானம் போகிறது, அந்த வரியை எடு என்றார் வெய்யோ. அவள் எடுக்கவில்லை. அச்சில் என் பெயர் வந்தது அந்த ஒரு முறைதான், அதுவும் தப்பை ஒத்துக்கொள்ளும் கடிதத்தில்.

நேர்காணலில் கடிதத்தைக் காட்டினாளாம். பாராட்டினார்களாம். இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் கடைசி நாள் மதியம்வரை அவள் மரத்தில்தான் இருந்தாள். போகிற நாளில் இன்னும் என்ன வேலை என்று கத்தினேன். பாதி உடைகிறது என்று நினைத்தபோது கேள்வி சின்னதாக இருந்தது, உடையவே இல்லை என்றால் இந்த இழுப்பை எப்படித் தாங்குகிறது என்று மேலிருந்தே கேட்டாள். பிறகு இறங்கி, வெட்டும் கத்தரியையும், இலையை அழுத்தக் கலம் என்ற கருவிக்குள் வைத்து இழுப்பை அளக்கும் விதத்தையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். வாளியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

இப்போது அவள் கயானியில் பள்ளிக்கூட ஆசிரியை. அவள் போய் இது நாலாவது கோடை. நான் தினமும் மதியம் ஏணி ஏறி, கிளை வெட்டிப் பீப்பாயில் நிறுத்தி, அவள் சொன்னபடி இழுப்பையும் அடைப்பையும் அளக்கிறேன். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும் கிழவி மரத்தில் தொங்குகிறாள் என்று புதிதாக வந்த ஆய்வாளர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஒன்றரை மணிக்குச் சரியாக மிர்க்காவின் போன் வரும். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. இன்றும் அப்படித்தான்.

"இன்னிக்கு இழுப்பு எவ்வளவு?"

கலத்தின் முள் காட்டிய எண்ணைச் சொன்னேன். இந்தக் கோடையிலேயே அதுதான் அதிகம். மழை பெய்து மூன்று வாரமாகிறது. மறுமுனையில் அவள் அதைக் குறித்துக்கொள்ளும் பென்சில் சத்தம் கேட்டது.

"இன்னுமா உடையல?"

"இல்ல, மிர்க்கா. தாங்குது."