நிலக்கரித் தாளில் எழுதிய பெயர்

கோயிலில் மேசை போட்டுத் தாளும் பேனையும் வைத்திருந்தால் அது அர்ச்சனைக்குத்தான். மொன்றியலுக்கு வந்த நாளிலிருந்து நான் கண்டது அதுதான். அந்த வெள்ளிக்கிழமை பின்னேரமும் வரிசையில் நின்று, தங்கச்சியின் மகனுடைய பெயரை எழுதி, பக்கத்தில் பூராடம் என்று நட்சத்திரத்தையும் போட்டேன். தாளின் மேலே ஏதோ பிரெஞ்சில் இருந்தது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் எழுதித் தரச்சொல்லி ஒருவரையும் கேட்டதில்லை. என் எழுத்து குண்டு குண்டாக வடிவாக இருக்கும்.

மேசையில் இருந்தவள் தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த பிள்ளை.

"ஆன்ட்டி, பூராடம்னு யாரு?"

"அது நட்சத்திரம், பிள்ளை. ஐயருக்குச் சொல்ல வேணுமெல்லோ."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "இது அர்ச்சனை லிஸ்ட் இல்ல ஆன்ட்டி. வெளிநாட்டுல நிலக்கரி மின்நிலையம் கட்ட எந்த அரசாங்கமும் கடன் கொடுக்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்குறோம். கனடா நிறுத்திடுச்சு. மத்தவங்களும் நிறுத்தணும்."

தங்கச்சியின் ஊர்க் கடற்கரையில் அப்படி ஒன்று கட்டத்தான் வெளிநாட்டுக் கடனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் அவள் மகனுக்கு வெல்டிங் வேலை கிடைக்கவேண்டும் என்றுதான் நான் அர்ச்சனைக்கு வந்ததே.

"ஏன் பிள்ளை நிப்பாட்ட வேணும்?"

"புகை, சாம்பல். பக்கத்துல இருக்கறவங்களுக்கு மூச்சுக் கோளாறு. உலகமே சூடாகுது."

பனிச் சப்பாத்து கழற்றும் இடத்தில் நின்று தங்கச்சிக்கு போன் எடுத்து, அவள் மகன் பெயரை அந்தத் தாளில் எழுதிவிட்டதைச் சொன்னேன். அங்கே அப்போதுதான் விடிகிறது.

"என்ன விசர் வேலை பாத்தனி அக்கா? உடனை வெட்டச் சொல்லு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கிணத்துக்குள்ளை சாம்பல் விழும் எண்டு இஞ்சையும் கதைக்கினம். அவனுக்கு வேலையும் வேணும். எனக்கொண்டும் விளங்கேல்லை. நீ படிச்ச சனத்துக்குள்ளை இருக்கிறாய், நீ சொல்லன்."

பிறகு எடுக்கிறேன் என்று போனை வைத்தேன்.

திரும்பிப் போய் அவன் பெயரை நானே வெட்டினேன். அவனைக் கேளாமல் அவன் பெயரை எழுதியது பிழை; அது மட்டும் எனக்கு விளங்கியது. பேனையைத் திருப்பிக் கொடுக்கவும் மனமில்லை, என் பெயரை எழுதவும் மனமில்லை. பின்னால் நின்ற மனிசி, "எழுதிறியளோ அம்மா, இல்லாட்டி விலத்துங்கோ" என்றாள். விலத்தி, அர்ச்சனைத் தட்டோடு சன்னிதிக்குப் போனேன்.

தட்டை வாங்கிய ஐயர், "ஆருக்கம்மா? வேலை விசயமோ?" என்று கேட்டார்.

அவன் பெயரையும் பூராடத்தையும் மட்டும் சொன்னேன்.

"அவனுக்கு எது நல்லதோ அதுக்கு நீங்கள் செய்யுங்கோ ஐயா," என்றேன்.