அங்கம்மாவின் மீசை

மேனாம்பேடு அங்கம்மா, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலை கேட்டில் பன்னிரண்டு வருஷமாக செக்யூரிட்டி. எந்த லாரிக்காரரும் அவளை மதித்து நின்று பதில் சொன்னதில்லை. அவளுடைய ரத்த அழுத்தமும் அப்படித்தான், எந்த மாத்திரைக்கும் அடங்காமல் இருநூற்றிலேயே இருந்தது.

டாக்டர் ரேணுகா ஒரு புது மாத்திரை எழுதினார். "ரத்தக்குழாயச் சுத்தி தசை இருக்கும்மா. அந்தத் தசை செல்லுல, பொட்டாசியம் வெளிய போறதுக்குக் குட்டிக் குட்டி வாசல் இருக்கு. வாசல் மூடிக்கிட்டா தசை இறுகி, குழாய் சுருங்கிடும். இந்த மாத்திரை வாசலைத் திறந்துவிடும். பொட்டாசியம் வெளிய போனதும் தசை தளரும், குழாய் விரியும், பிரஷர் குறையும்."

"கேட் பாஸ் இல்லாம வெளிய உடலாமா டாக்டரம்மா?" என்று அங்கம்மா கவலையோடு கேட்டாள்.

மூன்று மாதத்தில் பிரஷர் நூற்று முப்பதுக்கு இறங்கியது. கூடவே மாத்திரையின் பக்கவிளைவாக மீசை முளைத்தது. அவள் கணவர் வேம்புலி கண்ணாடியில் இரண்டு மீசைகளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, தன்னுடையதை மழித்துவிட்டார்.

கேட்டில் லாரிக்காரர்கள் தாமாகவே இறங்கி வந்து சரக்கு பில்லை இரண்டு கைகளாலும் நீட்டத் தொடங்கினார்கள்.

"வேற மாத்திரை பார்க்கலாமா? இதை நிறுத்தினா முடி போயிடும்," என்றார் டாக்டர்.

"வாணாம். இப்பதான் எல்லாம் ஒழுங்கா கீது."

கம்பெனி அவளை ஹெட் செக்யூரிட்டி ஆக்கி, புது அடையாள அட்டைக்கு போட்டோ கேட்டது. ஸ்டுடியோக்காரர் மரியாதையாக மீசையை அழித்துக் கொடுத்தார். அங்கம்மா அதைத் திருப்பிக் கொடுத்து, மறுபடியும் எடுக்கச் சொன்னாள்.