பளிச்சக்காவின் அறை

அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் பளிச்சக்கா. நாங்கள் வேலை செய்யும் தங்கும் ஓட்டலில் அறை துடைப்பவர்கள் எத்தனையோ பேர் இருந்தாலும், பெரிய ஆள் யாராவது வருகிறார் என்றால் மேலாளர் அவளைத்தான் தேடுவார். தலையணையில் ஒரு முடி, கண்ணாடியில் ஒரு விரல் தடம் இருக்காது. நான் அதே ஓட்டலில் துணி தேய்க்கிறவள். அவள் வாடகைக்கு இருந்த அறைக்கு எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கிறேன்.

புருஷன் விட்டுப் போன பிறகு அவளும் பத்தாவது படிக்கும் மகளும் அந்த ஒற்றை அறையில்தான் காலம் தள்ளினார்கள். நாளெல்லாம் அடுத்தவர் அறையைத் துடைத்துவிட்டு வருபவளுக்குச் சொந்த அறையைக் கூட்டத் தெம்பு ஏது? கொடி நிறையத் துணி, சுவர் நிறைய மகள் ஒட்டிய படங்கள், கட்டிலுக்கடியில் பாத்திரம். கால் வைக்க இடம் தேட வேண்டும்.

வீட்டுக்காரருக்கு இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்ட ஆசை. மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இவள் அசையவில்லை. போனால் அவள் சம்பளத்துக்கு வேறு கூரை கிடைக்காது. மிரட்டிப் பார்த்துப் பாச்சா பலிக்காமல் அவர் புதுக் கதை கட்டினார். அவள் எப்போதோ காலி செய்துவிட்டாள், சும்மா பூட்டைத் தொங்கவிட்டிருக்கிறாள் என்று நீதிமன்றத்தில் சொன்னார். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லாததால் அந்தப் பொய்யும் எடுபட்டது.

இலவச சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீலம்மா கிடைத்தார். தலைக்கு மேல் வேலை இருந்தும் தன்மையாகப் பேசினார்.

“குடியிருக்கறவங்களை வழக்கு முடியற வரைக்கும் வெளிய அனுப்ப முடியாதும்மா. காலி அறைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கோர்ட்டுலேர்ந்து ஒருத்தர் வந்து பார்ப்பார். அவர் எழுதறதுதான் எல்லாம். நீங்க எப்பவும் இருக்கற மாதிரி இருங்க, போதும்.”

பளிச்சக்கா தலையாட்டிவிட்டு வந்தாள். ஆனால் மேலிடத்து ஆள் அறையைப் பார்க்க வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லையே. பிழைப்பே அதுதான்.

கோர்ட்டு ஆள் வரும் நாளில் லீவு போட்டாள். நான் வேலைக்குப் போயிருந்தேன். என் வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் அவளிடம் இருக்கும். அடுப்பு, பாத்திரம், துணிமணி, பாடப்புத்தகம், செருப்பு எல்லாம் என் வீட்டுக்கு இடம் மாறின. சுவரிலிருந்த படங்களைக் கிழித்தாள். ஆணிகளைப் பிடுங்கி ஓட்டைகளைப் பற்பசையால் அடைத்தாள். கொடிக் கயிறுகூட மிஞ்சவில்லை.

“ஏம்மா எல்லாத்தையும் எடுக்கற?” என்று மகள் கேட்டிருக்கிறாள்.

“கோர்ட்டு ஆளு வர்றாரு. குப்பையா இருந்தா, இதுங்களுக்கெல்லாம் வீடு ஒரு கேடான்னு நினைக்க மாட்டாரா?”

அவர் வந்தார். கூடவே வீட்டுக்காரரும் வந்தார். பளிச்சக்கா வேலை இடத்துப் பழக்கப்படி உள்ளே போகாமல் கதவோரம் கைகட்டி நின்றாள். கோர்ட்டு ஆள் அலமாரியைத் திறந்து பார்த்தார். சமைக்கும் மூலையை விரலால் தடவிப் பார்த்தார்.

“இங்க யாரும்மா இருக்கறது?”

“நாங்கதான் சார்.”

“சாமானெல்லாம் எங்க?”

“எதிர் வீட்டுக்குக் கொண்டுபோயாச்சு சார்.”

வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. அவருக்கு அந்த வேலையைத்தான் இவள் வைக்கவில்லையே. அவர்கள் கிளம்பும்போது, “ஏதாவது குறை இருக்குங்களா சார்?” என்று கேட்டாளாம். “ஒரு குறையும் இல்லம்மா” என்றாராம் கோர்ட்டு ஆள்.

மாலையில் இதை என்னிடம் பெருமையாகச் சொன்னாள். நான் மூட்டைகளுக்கு நடுவில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றுதான். நாலு வார்த்தை திட்டலாம் என்று வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

சாமான்களை அன்றைக்கே திரும்பக் கொண்டுபோய் வைத்தோம். மறுபடி வந்து பார்க்க வேண்டும் என்று வக்கீலம்மா மனுப் போட்டார். இப்போது இருப்பது பிறகு கொண்டுவந்து நிரப்பியது என்றார் வீட்டுக்காரர். அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. மனு தள்ளுபடியானது.

வக்கீலம்மா அறிக்கையைப் படித்துக் காட்டினார். “அறை மிகச் சுத்தமாக இருந்தது. யாரும் குடியிருப்பதற்கான அடையாளம் இல்லை.” முதல் வரியைக் கேட்டதும் பளிச்சக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டாவது வரிக்கு அந்தச் சிரிப்பை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

இப்போது அந்த இடத்தில் அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். வாடகைக்குக் கேட்டுப் போன இடத்திலெல்லாம் தனியாக இருக்கும் பெண்ணா என்று கதவைச் சாத்தினார்கள். மகள் எங்கள் வீட்டில் என் பிள்ளைகளோடு நெருக்கியடித்துப் படுத்துக்கொள்கிறாள். இன்னொரு ஆளுக்கு இங்கே இடமில்லை. பளிச்சக்கா ஓட்டலில் துணி அடுக்கும் அறையில் யாருக்கும் தெரியாமல் படுத்து எழுந்திருக்கிறாள். மாட்டினால் வேலையும் போகும். மகளிடம் இரவு வேலை என்று சொல்லி வைத்திருக்கிறாள். அந்தப் பெண்ணும் நம்புவது போலவே நடந்துகொள்கிறது.

நேற்றுப் பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

“சித்தி, பத்தாவது முடிஞ்சதும் என்னையும் உங்க ஓட்டல்ல ரூம் துடைக்கச் சேர்த்து விடறீங்களா? அம்மாகூட இருக்கலாம்ல.”