திரையில் வந்த அண்ணன் பெயர்

தாராவியிலிருந்து புது பைக்கில் லோனாவாலா கிளம்பினேன். வண்டிக் கம்பெனி ஆப்பைப் போனில் போட்டிருந்ததால், மேப் வண்டித் திரையிலேயே தெரியும். மலைப்பாதையில் டீ குடிக்க நிறுத்தினேன். ஸ்டாண்ட் சரிந்து வண்டி விழுந்தது. நிமிர்த்திக்கொண்டு போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் திரையில் அண்ணன் பெயர் வந்தது. பைக் வாங்கியதற்குக் காலையில்தான் திட்டியிருந்தான். ஹேண்டில்பார் பட்டனை அழுத்திக் கட் பண்ணினேன். திரும்பத் திரும்ப வந்தது. நானும் விடவில்லை.

மாலையில் திரும்பினால், அதே டீக்கடை எதிரே அண்ணன் பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். என்னைக் கண்டதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் போனில், வண்டி விழுந்ததும் அந்த ஆப் இடத்தைக் குறித்துத் தானாக அனுப்பிய விபத்துச் செய்தி.

"ஏலே, நீ செத்துக் கெடக்க, எவனோ உன் போன எடுத்து வச்சுக்கிட்டு கட் பண்ணுதாம்னுல்லா நெனச்சேன்."

அவசரத்துக்கு யார் நம்பர் என்று ஆப் கேட்ட அன்று, எனக்கு வேறு பெயரே தோன்றவில்லை.