கருப்பணன் போட்ட டீம்

தீபாவளிக்கு மறுநாள் சிவகாசியைப் பார்க்க வேண்டும். கடைசி லோடும் ஏறிப்போன பிறகு, ஊரே பிள்ளை பெற்றவளைப் போல அயர்ந்து கிடக்கும். பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஒரு மாதம் பூட்டு. கார்த்திகையில் நல்ல நாள் பார்த்துப் பூஜை போட்ட பிறகுதான் கதவு திறக்கும். ஊருக்கே ஓய்வான அந்த ஒரு மாதந்தான் விஸ்வநத்தம் கருப்பணனுக்கு உட்கார நேரமில்லாத மாதம்.

காரணம் கால்பந்து. அவர் வேலை பார்த்த கம்பெனிக்கு ஒரு டீம் உண்டு. சாயங்காலம் பொழுதுபோகாமல் பந்து உதைக்கிற கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். மாதச் சம்பளத்துக்கு ஆடுகிற பதினெட்டுப் பேர். தை பிறந்தால் மதுரை, தூத்துக்குடி, திண்டுக்கல் என்று வேனில் ஏறிப் போய்விடுவார்கள். ஆட்டம் இல்லாத நாளில் பேக்கிங் ஷெட்டில் அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுவார்கள். முதலாளி சங்கரபாண்டியனுக்குப் பட்டாசு தொழில் என்றால் இந்த டீம் உயிர்.

கருப்பணன் பந்தைக் காலால் தொட்டவரில்லை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஏழு வயதில் தீப்பெட்டி ஒட்ட உட்கார்ந்து, பதினாறில் பட்டாசுக்குள் நுழைந்து, ஐம்பத்து நாலில் மருந்து அறைகளுக்குப் போர்மேனாக நிற்கிறார். ஒருவன் சிபாரிசும் கிடையாது. காரைவீட்டில் இருக்கிற ஒவ்வொரு செங்கலும் அவர் வியர்வை. இதை அவரே எல்லோரிடமும் சொல்வார்; கேட்காதவர்களிடமும் சொல்வார். உண்மையைச் சொல்ல என்ன கூச்சம்?

டீம் ஆடிய ஒரு ஆட்டத்தையும் அவர் விட்டதில்லை. அதனால், அடுத்த சீசனுக்கு யாரை வைப்பது, யாரை விடுவது, வெளியூரிலிருந்து யாரை வாங்குவது என்று முதலாளி வருசா வருசம் கேட்பது கருப்பணனிடந்தான். பயிற்சி கொடுக்கிற வாத்தியார் படித்தவர். அவர் போட்ட டீம் இரண்டு வருசம் மண்ணைக் கவ்வியது. கருப்பணன் போட்ட டீம் மூன்று கோப்பை கொண்டுவந்தது. படிப்பு எல்லாவற்றுக்கும் உதவாது.

அவர் ஆள் எடுக்கிற முறையும் வேறு எந்த ஊரிலும் இருக்க முடியாது.

வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் சேர்த்துச் சலிக்கிற அறைதான் மருந்து அறை. அறைக்கு இரண்டே பேர். அங்கே உட்கார யாரும் புதிதாக வந்தால், காம்பவுண்டை விட்டுத் தள்ளி, ரோட்டோரத்து வேப்பமரத்தடியில் அவனை நிற்க வைத்துப் பேச்சுக் கொடுப்பார். பேசிக்கொண்டே இருக்கும்போது அவனுக்குப் பின்னால் பத்தடி தள்ளி ஒரு குருவி வெடி வெடிக்கும். அலறி ஓடினால் அவன் வேண்டாம். சிரித்தால் வேண்டவே வேண்டாம். துள்ளி விலகி, சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்து, தன்னை அறியாமல் இரண்டு எட்டு பின்னால் வைக்கிறானா, அவனை எடு. இப்படி ஆள் எடுத்த பதினேழு வருசத்தில் அவர் அறைகளில் ஒரு தீப்பொறி பறந்ததில்லை.

இரண்டாயிரத்து நாலாம் வருசம் தீபாவளிக்கு அடுத்த வாரம், டீம் கூடியபோது அதே வேப்பமரத்தடியில் அந்தச் சோதனையை ஆட்டக்காரர்களுக்கும் வைத்தார். கோல் கீப்பர் கதிரவன் துள்ளித் திரும்பினான், இரண்டு கையும் முகத்துக்கு முன்னால் வந்துவிட்டது. "இவன் இருக்கட்டும்" என்றார். பின்வரிசையில் நிற்கிற மாரிக்கண்ணன் திரும்பக்கூட இல்லை. புகைந்துகொண்டிருந்த தாளைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துச் சிரித்தான்.

"இம்புட்டுத்தானா மாமா? பெருசா ஒண்ணு வைங்க."

கருப்பணனுக்குத் திண்டுக்கல் இறுதி ஆட்டம் ஞாபகம் வந்தது. ஒரு கோல் முன்னால் இருக்கிறோம், எட்டு நிமிசம் பாக்கி. இடத்தைக் காத்து நின்றால் கோப்பை கையில். இவன் பந்தை எடுத்துக்கொண்டு எதிராளி கோட்டை வரைக்கும் பாய்ந்தான். திறந்துகிடந்த வீட்டில் திருடன் புகுந்த மாதிரி இரண்டு கோல் விழுந்தது.

தப்பாக அச்சடித்த லேபிள் தாளின் பின்பக்கம் மூன்று கோடு கிழித்து, செங்கல் வைப்பதுபோல எழுத்து எழுத்தாக வைத்தார். வைக்கிற பேர் பதினைந்து. வாங்குகிற பேர் மூன்று. அதில் ஒருவன் தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற இடதுகால் ஆட்டக்காரன், நின்ற இடத்தை விட்டு நகராதவன். விடுகிற பேர் மூன்று. அதில் முதல் பேர் மாரிக்கண்ணன்.

முதலாளி தாளைப் பார்த்துவிட்டு, "கருப்பணன் சொன்னா அப்பீல் ஏது?" என்றார். அன்று வீட்டுக்கு வரும்போது கருப்பணனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பதினைந்து நாள் கழித்து, அடைமழை விட்ட ஒரு மத்தியானம், மாரிக்கண்ணன் சாத்தூர்க் காராச்சேவுப் பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றான்.

"மாமா, இருக்கீகளா?"

"வாலே. டீமை விட்டு எடுத்ததுக்குச் சண்டைக்கு வந்தியா?"

"சண்டையா? ஒங்க கால்ல விழ வந்தேன். மேனேஜரு கூப்பிட்டுச் சொன்னாரு. தெறக்கிற அன்னைக்கே எனக்கு மருந்து அறை. லேபிளு ஒட்டுறதைவிட ரெண்டு பங்கு கூலி. ஒங்க புண்ணியம்."

சேவை வாயில் போட்ட கருப்பணன் மெல்லவில்லை.

"யாரு போட்டா ஒன்னை அங்கன?"

"என்ன மாமா தெரியாத மாதிரி கேக்கீக? டீமை விட்டு எடுத்தவனுக்குக் கூலி கூடுன அறையில எடம் குடுக்கணும்னு சட்டம் போட்டதே நீங்கதானாம்."

அது உண்மை. இரண்டு வருசத்துக்கு முன்னால் இரண்டு பேரை டீமிலிருந்து எடுத்தபோது, "வயித்துல அடிச்ச பாவம் நமக்கு வேண்டாம் மொதலாளி, மருந்து அறையில போடுங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவர் அவர்தான். அவர்கள் இரண்டு பேரும் நிழலைக் கண்டு ஒதுங்குகிற ஆட்கள். நல்ல யோசனை என்று முதலாளி அதையே வழக்கமாக்கிவிட்டார். பட்டியல் எழுதும்போது கருப்பணனுக்குப் பந்து ஞாபகம் இருந்தது, கோப்பை ஞாபகம் இருந்தது. இது ஒன்று மறந்துபோனது. மருந்துப் பக்கமே அண்டவிடக் கூடாத ஒருவனைத் தன் கையால் எழுதி அங்கே அனுப்பிவிட்டார்.

"மழைக்காலம்லே. ஈரக் காத்துப் பட்டா மருந்து தன்னால சூடேறும். தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் மாமா, வாளித் தண்ணி பக்கத்துல இருக்கும்லா? ஒரு ஊத்து ஊத்துனா ஆச்சு." மாரிக்கண்ணன் சிரித்தான்.

சூடேறின மருந்தில் தண்ணீர் பட்டால் இன்னும் சீறும்; ஓடாமல் ஊற்ற நிற்கிறவன் கதை என்னவென்று கருப்பணனுக்குத் தெரியும். மாரிக்கண்ணன் போன பிறகும் அந்தச் சிரிப்பு வாசலிலேயே நின்றது. அதே சிரிப்பை அவர் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறார்.

எண்பத்தேழாம் வருசம், இதே கார்த்திகை. மருந்து அறையில் அவரும் நாகையாவும். நாகையாவும் பயமறியாதவன். சல்லடையில் சன்னமாக ஒரு புகை. "ஊதுவத்தி அளவுகூட இல்ல, இதுக்குப் போயி மூஞ்சி வெளுத்துட்டியே" என்று அவன் சிரித்தான். ஊருக்குக் கருப்பணன் சொல்கிற கதை வேறு: நாகையாவைக் கையைப் பிடித்து இழுத்தார், அதற்குள் வெடித்து நாகையா போய்ச் சேர்ந்தான், வெடிப்பு அவரைத் தூக்கி வெளியே வீசியது, முழங்கையில் இருக்கிற தழும்பு அதற்குச் சாட்சி. பதினேழு வருசமாகச் சொல்லிச் சொல்லி அந்தக் கதைக்கு மெருகு ஏறியிருந்தது. வீட்டுக்காரி சுப்புத்தாய்க்கும் அந்தக் கதைதான் தெரியும்.

மாரிக்கண்ணன் வந்துபோன பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அடுப்பில் கடுகு வெடித்தாலும் திடுக்கிட்டார். வாசலில் சொட்டுகிற மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பூஜைக்கு இன்னும் எட்டு நாள், ஏழு நாள் என்று விரல் விட்டு எண்ணினார். இருக்கன்குடிக்கு பஸ் ஏறிப்போய் மாரியம்மன் முன்னால் நின்றவர், வாய் திறந்து எதையும் கேட்க முடியாமல் திரும்பி வந்தார். என்னவென்று கேட்பது? நான் போட்ட டீம் தப்பு என்றா?

"ஒங்களுக்கு என்னதான் செய்யுது?" என்றாள் சுப்புத்தாய். "தூத்துக்குடிக்காரன் காலை ஒடிச்சுக்கிட்டானா?"

"அந்த மாரிக்கண்ணனை மருந்து அறையில போட்டுட்டாக."

"போடட்டும். கூலி கூடத்தான?"

"அவன் பயப்பட மாட்டான் புள்ள."

சுப்புத்தாயும் பதினைந்து வருசம் பட்டாசுக்குத் திரி வெட்டியவள். அவள் கையிலிருந்த முறம் அப்படியே நின்றது.

"அப்போ போயிச் சொல்லுங்க."

"எப்படிச் சொல்ல? டீமை விட்டும் எடுத்துட்டு, கூலி கூடுன அறையை விட்டும் எடுத்தா ஊரு மொதலாளியைக் காறித் துப்பும். எடுத்தா டீமுக்குத்தான் திருப்பணும். நான் எழுதுனது தப்புன்னு என் வாயால சொல்லணும்."

"சொன்னா வாயி வெந்துருமோ? அந்தப் பயலுக்குக் கலியாணம் ஆயி ஆறு மாசம் ஆகல."

பூஜைக்கு முந்தின நாள் காலையில், குடையும் இல்லாமல் முதலாளி வீட்டுக்குப் போனார். சங்கரபாண்டியன் செல்போனில் வடக்கே ஆர்டர் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்துவிட்டு ஏறிட்டுப் பார்த்தார்.

"என்ன கருப்பணா, நனைஞ்ச கோழி மாதிரி நிக்க?"

"மொதலாளி, என் லிஸ்டு தப்புங்க. மாரிக்கண்ணனை டீமை விட்டு எடுத்திருக்கக் கூடாது."

"ஏலே, கருப்பணன் வாயில தப்புங்கிற வார்த்தையா? மழை நின்னுரும்லே." முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "தூத்துக்குடிக்காரனுக்கு வாக்குக் குடுத்தாச்சே. பின்வரிசை நெறைஞ்சு போச்சு."

"பின்னால வேண்டாங்க. அவனை முன்னால போடுங்க. முன்னால நின்னு அவன் எம்புட்டுப் பாஞ்சாலும் போறது ஒரு பந்துதான்."

முதலாளி சிரிப்பை நிறுத்தினார். பந்தாட்டம் தெரிந்த மனுசர்.

"அது சரியாத்தான் படுது. பதினெட்டு பத்தொம்பது ஆகட்டும், அது என் பாடு. ஆனா நாளைக்கு மருந்து அறை தெறக்கணும். ஒரு ஆளு குறையுதே. திடீர்னு நான் எங்கன போக? ஒனக்குத்தான் ஆளு தெரியும். நம்ம கம்பெனியிலயே பெரிய பயந்தாங்கொள்ளி யாரு, சொல்லு, போட்டுருவோம்."

கருப்பணன் ஒவ்வொரு பேராக நினைத்துப் பார்த்தார். எந்தப் பேரை நினைத்தாலும் அந்தப் பேருக்குப் பின்னால் ஒரு வீடு தெரிந்தது. வாசலில் ஒரு பெண் தெரிந்தாள். இதுவரைக்கும் எத்தனை பேரை எழுதியிருக்கிறார். எழுதும்போது அவருக்கு வாசல் தெரிந்ததேயில்லை.

"நான்தான் மொதலாளி."

"என்னது?"

"பெரிய பயந்தாங்கொள்ளி நான்தான். நாகையாவை நான் இழுக்கல. பொகையைப் பாத்ததும் ஓடிட்டேன். அவனைக் கூப்பிடக்கூட இல்ல. வேலியில விழுந்து முள்ளுக் கிழிச்சதுதான் இந்தத் தழும்பு." முழங்கையைத் திருப்பிக் காட்டினார். "என்னைப் போடுங்க. எனக்கு அறையும் தெரியும், பயமும் தெரியும்."

முதலாளி உள்ளே பார்த்து, "கருப்பணனுக்குக் காப்பி கொண்டாங்க" என்று மட்டும் சொன்னார். அந்த வீட்டில் அத்தனை வருசத்தில் அவருக்குக் கொடுத்த முதல் காப்பி அது. ஆனால் அவரால் குடிக்க முடியவில்லை.

மறுநாள் பூஜை. பூசணிக்காய் உடைத்து, சூடம் காட்டி, கதவுகள் திறந்தன. மழை வெறித்திருந்தது, ஆனாலும் சுவரில் ஈரம். கருப்பணன் செருப்பைக் கழற்றி, பருத்தி வேட்டியை மடித்துக் கட்டி, வாசலைப் பார்த்தபடி, காலுக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு துரும்புகூட இல்லாமல் பார்த்து உட்கார்ந்தார். கூட உட்கார்ந்தவன், இரண்டு வருசத்துக்கு முன்னால் அவர் டீமிலிருந்து எடுத்து அனுப்பியவர்களில் ஒருவன். கருப்பணனின் கையைப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்:

"என்ன மாமா, கை ஆடுது?"

"ஆடட்டும்லே. ஒண்ணு கேட்டுக்கோ. பொகை கண்டா நான் ஓடுவேன். ஆனா கத்திக்கிட்டே ஓடுவேன். நீயும் ஓடிரணும்."

சல்லடையை எடுத்தார். அலுமினியத் தூள் மூக்கில் ஏறியது. பழைய வாசனை.

மதில் சுவருக்கு அந்தப் பக்கம், கரிசல் மைதானத்தில் பயிற்சி தொடங்கியிருந்தது. முன்வரிசைக்குப் போன சந்தோசத்தில் மாரிக்கண்ணன் யாரையோ கூப்பிட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் பந்து மதிலில் மோதியது. டொம்.

கருப்பணன் துள்ளி எழுந்தார். சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். சல்லடை கையில் ஆடாமல் இருந்தது. கால் இரண்டும் தானாக வாசல் பக்கம் நகர்ந்திருந்தன. பந்துதான் என்று தெரிந்த பிறகு, பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்து மறுபடி சலிக்கத் தொடங்கினார்.

டொம் என்றது மதில். மறுபடியும் துள்ளினார்.