ஆறு மில்லிமீட்டர்

எங்கள் பள்ளிக்கூடக் குமாஸ்தா கிருபாகரனுக்கு மழைப் பைத்தியம். திருநகர் வீட்டு மொட்டை மாடியில் மழைமானி வைத்திருக்கிறார். தினமும் காலையில் அதைப் பார்த்துவிட்டு, மானாவாரி விவசாயிகள் நூற்றைம்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் வானிலையைப் பேசிப் பதிவுசெய்து அனுப்புவார். ஜெபம்கூட அதற்குப் பிறகுதான் என்று அவர் மனைவி டயானா குறைபட்டுக்கொள்வார். நானும் நிறையக் கேலி செய்திருக்கிறேன். இந்த மார்கழியோடு அதை விட்டுவிட்டேன்.

இந்த வருஷம் ஐப்பசியும் கார்த்திகையும் ஏமாற்றிவிட்டன. பகலில் சித்திரை வெயில். மார்கழி பிறந்ததும் திடீரென்று குளிர். மதுரையே குல்லா போட்டுக்கொண்டு, கொடைக்கானல் இறங்கி வந்துவிட்டதாகப் பனிமூட்டத்தில் படம் எடுத்துக் கொண்டாடியது. கிருபாகரன் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. இது வடக்கேயிருந்து வரும் வறண்ட காற்று, கடல் ஈரத்தை உள்ளே விடாது என்றார்.

பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் மலையம்மாளுக்கு டி. கல்லுப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒன்றரை ஏக்கர். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் காட்டில் வேலை பார்த்த குடும்பத்துக்குச் சொந்தமாக வந்த முதல் மண். இரண்டு தடவை விதைத்துக் கருகிவிட்டது. மிச்சம் இருந்தது ஒரு விதைப்புக்கான உளுந்து. இதுவும் போனால் நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூர் போய்விடலாம் என்று மகன் பாண்டிராஜ் சொல்லிவிட்டான்.

அங்கே புழுதி விதைப்பு. மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிடுவார்கள். நல்ல மழை வந்தால் பிழைக்கும். மழையே வராவிட்டாலும் விதை சும்மா கிடக்கும். அரைகுறையாகப் பெய்தால்தான் ஆபத்து. முளைத்து, வேர் இறங்க ஈரமில்லாமல் செத்துவிடும்.

வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானது. விதை போடலாமா என்று கேட்டு மலையம்மாள் அலுவலக வாசலில் வந்து நின்றார். எல்லா வானிலைப் படமும் நாற்பது மில்லிமீட்டர் மழை என்று காட்டியது. போடலாம் என்று சொல்லிவிட்டார் கிருபாகரன்.

தாழ்வு இலங்கைப் பக்கமே வலுவிழந்தது. கல்லுப்பட்டியில் பெய்தது ஆறு மில்லிமீட்டர். மழை வந்துவிட்டதென்று குழுவில் ஒரே நன்றியும் கும்பிடும். கிருபாகரன் மதியச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

"மண்ணு மேலாக்கத்தான் நனைஞ்சிருக்கு சார். எல்லாம் முளைச்சிரும். நான்தான் போடச் சொன்னேன். பயமா இருக்கு" என்றார். அடுத்த பதினைந்து நாளைக்குப் படத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. லாரித் தண்ணீர் விட முடியாதா என்று கேட்டேன். ஊரில் குடிப்பதற்கே லாரிதான் வருகிறது என்றார்.

ஐந்தாம் நாள் மலையம்மாள் சீனிமிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்புட்டும் முளைச்சிருச்சு சார். ஒரு வெதை தப்பல. எம் மகன் திருப்பூர் பேச்சையே எடுக்கல, வரப்புலயே உக்காந்திருக்கான்."

கிருபாகரன் ஒரு மிட்டாயை வாயில் போட்டார். விழுங்க முடியாமல் வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த மழை என்றைக்கு என்று மலையம்மாள் கேட்டார். அவர் சொன்னால் தப்பாது என்றும் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பாத்துச் சொல்றேன்க்கா" என்றார் கிருபாகரன். அன்று காலையிலிருந்து ஒன்பது தடவை பார்த்திருந்தார்.