லிஃப்ட் மாமாவின் பாட்டுக்கருவி

“வயரச் செருகினா தொறக்கணும். வேற என்னய்யா கேட்டுட்டேன் நான்?”

மூன்று மாதமாக லிஃப்ட் மாமாவின் பல்லவி இதுதான். அதே இழுவையில் நான் சொல்லிக் காட்டினால் அவருடைய அக்காவான என் அம்மாவே ஏமாந்து திரும்பிப் பார்ப்பாள்.

மாமா கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். மொட்டை மாடி மோட்டார் அறையில் நாள் முழுக்கத் தனியாள். வீட்டிலும் அதே கதை. துணைக்கிருந்த சின்னப் பாட்டுக்கருவி, அந்த எம்பி3 பிளேயர், செத்துப்போனதும் மனுஷன் ஆடிப்போய்விட்டார்.

புதிது வாங்குவதிலும் வம்பு. அவருடைய லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். கடைக் கருவிகளோ, பாட்டு ஏற்றவே தங்கள் கம்பெனி மென்பொருளைக் கேட்டன. அது லினக்ஸில் ஓடாது. அதனால் ஒருநாள் மாமா என்னையும் கூட்டிக்கொண்டு, லேப்டாப்பையே கடைக்குத் தூக்கிவந்து, கண்ணாடி மேஜைமேல் விரித்து, ஒவ்வொரு கருவியாகச் செருகிப் பார்த்தார்.

கடைக்காரர் மூக்கால் பேசுபவர். “விண்டோஸ் போட்டுக்குங்க சார். உலகமே அதத்தான் வச்சிருக்கு.”

“உலகத்துக்கு நீங்க தனியா வித்துக்குங்க. எனக்கு ஒண்ணு போதும்.”

ஆறாவது கருவி, மூலையில் கிடந்த பழைய சரக்கு, பென்டிரைவ் மாதிரி லேப்டாப்பில் சட்டென்று திறந்துகொண்டது. மாமா ஒரு பாட்டை ஏற்றி, கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் பணத்தை எடுத்தார்.

தெருவுக்கு வந்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “ஃபோன்லயே கேக்கலாமே மாமா, எதுக்கு இவ்ளோ கூத்து?”

“அதுல கேட்டா, பாட்டு நடுவுல யாராச்சும் கூப்புடுவாங்களான்னு மனசு காத்துக்கிட்டே கெடக்கும்டா. இதுல அந்த நெனப்பே வராது, பாட்ட மட்டும் கேக்கலாம்.”